கிளியம்மாளின் பாதித் தலையணை

12 செப்டம்பர் 2005, திங்கள்

இன்றும் பைப் அடைத்தது.

காலையில் அப்பா போன் செய்தார். படப்பை மெயின் ரோட்டில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். லாரிச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. ஜூனில் சேர்ந்தேன், நான் என்ன வேலை செய்கிறேன் என்பது இன்னும் அவருக்குப் பிடிபடவில்லை. "கார் பம்பர் செய்யுத கம்பெனிங்கே. ஆனா நீ பம்பர் செய்யலங்கே. பின்ன என்னதான் செய்யுத?" என்றார். பம்பர் செய்வதற்கான பிளாஸ்டிக் குருணை வெளியே உயரமான இரும்புக் குதிரில் இருக்கிறது. அதைக் காற்றால் தள்ளி, பைப் வழியாக உள்ளே மிஷினுக்குக் கொண்டுபோகிறோம். அந்த லைன் என் பொறுப்பு என்றேன்.

"காத்துலயா?"

"ஆமாப்பா."

"மூட்டையில தூக்கிட்டுப் போனா ஆவாதா?"

இதே கேள்வியைத்தான் கம்பெனியிலும் எல்லாரும் கேட்கிறார்கள்.

லைன் ஓடும்போது கேட்க நன்றாக இருக்கும். குதிரின் அடியில் ஒரு சுழல் வால்வு. சக்கரம்போலச் சுற்றிக் குருணையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றில் இறக்கும். புளோயர் அழுத்தித் தள்ளும் காற்று அதை அள்ளிக்கொண்டு ஓடும். தலைக்கு மேலே, பைப்புக்குள், தகரக் கூரையில் மழை பெய்வதுபோல் சத்தம். பிறகு திடீரென்று மழை நிற்கும். புளோயர் மட்டும் மூச்சு முட்டி உறுமும். அவ்வளவுதான். வனமாமலை தோளில் மூட்டையைப் போட்டுக்கொண்டு மிஷினின் இரும்புப் படியில் ஏற ஆரம்பிப்பார். லைனின் ஆப்பரேட்டர் அவர்தான், நாங்குநேரிக்காரர். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர், "மேடம்" என்கிறார். வேண்டாம் என்று சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

அறைத்தோழி பாண்டிச்செல்வி கார்களுக்கு வயர் கட்டும் கம்பெனியில் வேலை பார்க்கிறாள், ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். சுவரிலிருக்கும் சிமெண்ட் ஷெல்பில் எனக்கென்று ஒரு தட்டைக் காலி செய்து வைத்திருக்கிறாள், வந்த நாளிலிருந்து. என் புத்தகங்கள் இன்னும் பெட்டியில்தான். வேண்டியதை எடுத்துப் படித்துவிட்டுத் திரும்ப உள்ளே வைக்கிறேன். "ஏண்டி, அதுக என்ன பஸ்ஸுக்கா காத்துக்கிட்டு இருக்கு?" என்கிறாள்.

ஆமாம். அப்படித்தான்.

15 செப்டம்பர், வியாழன்

அடைப்பு. வனமாமலையோடு நானும் ஒரு மூட்டையின் மறுமுனையைப் பிடித்தேன். அவர் பதறிவிட்டார். மூட்டை கனத்ததைவிட அவர் பதற்றம்தான் அதிகம் கனத்தது.

19 செப்டம்பர், திங்கள்

மேனேஜர் அப்பாவு சார் கூப்பிட்டார். திட்டவில்லை, டீ வரவழைத்தார். அதுதான் பயமாக இருந்தது.

"பாரும்மா தங்கமாரி. இந்த லைனை நான்தான் அடம்புடிச்சு வாங்கினேன். மேலே கேக்கறாங்க. பொங்கலுக்குள்ள ஒழுங்கா ஓடலைன்னா கழட்டிப் போட்டுட்டு மறுபடி மூட்டைதான். லைன் இல்லைன்னா லைனைப் பாக்க ஆள் எதுக்கு?"

கடைசி வாக்கியத்தைக் கேள்வியாக விட்டார். பதில் எனக்கே தெரியும் என்பதால்.

எங்கள் ஊர் சுரண்டையில் மாமாவுக்குத் தெரிந்த இன்ஜினியரிங் காலேஜில் எனக்கு லெக்சரர் வேலை தயாராக இருக்கிறது. அப்பாவிடம் பொங்கல் வரை அவகாசம் கேட்டிருக்கிறேன். எல்லாரும் எனக்குப் பொங்கலையே குறித்துக் கொடுக்கிறார்கள்.

போய்விட்டால் என்ன? வீட்டுச் சாப்பாடு, கரும்பலகை, "மேடம்" என்று எழுந்து நிற்கும் பிள்ளைகள். மோசமில்லை. ஆனால் ஒரு பைப் ஏன் அடைக்கிறது என்று தெரியாமல் போய், அதைப் பற்றிப் பாடம் நடத்துவதா?

26 செப்டம்பர், திங்கள்

இன்று சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது.

துப்புரவுக்கு வரும் கிளியம்மாள் சேரப்பணஞ்சேரிக்காரர். மிஷினுக்கு மேலே குருணை வந்து நிரம்பும் ஹாப்பர்களின் பில்டரைத் தட்டும்போதெல்லாம் வெள்ளையாக, நீளமாக, முடிபோல ஏதோ உதிரும். இன்று அவர் அதை முறத்தில் கூட்டி, குப்பையில் போடாமல் ஒரு உரச்சாக்கில் திணித்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா அது?"

"இன்னாவா? தலகாணிம்மா. இலவம்பஞ்சு விக்கிற வெலைக்கு நாம வாங்க முடியுமா? உங்க மிஷின் தானா நூத்துக் குடுக்குது. ஒண்ணு ரொப்பி மருமவனுக்குக் குடுத்துட்டேன். இது எனுக்கு."

"படுத்தா சுடாதா?"

"சுடுது. பெரண்டு படுத்தா சரசரன்னு சத்தம் வேற. எம் மருமவன் ராவுல தூங்கறானா, எங்கனா கெளம்பறானான்னு எம் பொண்ணுக்கு இப்ப நல்லா தெரிதாம்."

வனமாமலை சிரிப்பை அடக்கிக்கொண்டு பைப்பின் பக்கம் திரும்பி நின்றார். எனக்கு அடக்க முடியவில்லை.

3 அக்டோபர், திங்கள்

அடைத்தால் வனமாமலை சுத்தியலால் வளைவுகளைத் தட்டுவார். எந்த இடத்தில் அடைத்திருக்கிறது என்று சத்தத்தில் தெரியுமாம். தட்டித் தட்டி வளைவெல்லாம் அம்மி கொத்தியதுபோல் ஆகிவிட்டது. பள்ளம் விழுந்தால் அங்கே இன்னும் சுலபமாக அடைக்கும் என்றேன்.

"தெரியும் மேடம். ஆனா நிக்கிற லைனுக்கு முன்னால கைய கட்டிக்கிட்டு நிக்க முடியுதா? ஏதாவது செய்யணும்லா."

இப்போது படிக்கும் ரஷ்ய மொழிபெயர்ப்பு நாவலில் எல்லாரும் ஆளுக்கு மூன்று பக்கம் பேசுகிறார்கள். புளோயர் சத்தத்தில் நாங்கள் மூன்று வார்த்தைகளில் பேசுகிறோம். அந்தப் பனிநாட்டுப் பிரபுவைவிட வனமாமலை சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்தது.

10 அக்டோபர், திங்கள்

நாளை லீவு என்பதால் கம்பெனியில் இன்றே ஆயுத பூஜை. மதியத்தோடு எல்லா மிஷினையும் நிறுத்தித் துடைத்து, சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, காகிதத் தோரணம். அப்பாவு சார் வேட்டியில் வந்தார்; யாருக்கும் முதலில் அடையாளம் தெரியவில்லை. பூசணிக்காய் உடைத்தார்கள். போர்க்லிப்டின் நாலு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினார்கள். பொரியும் கடலையும் கை நிறைய.

என் புளோயருக்கு நானே பொட்டு வைத்தேன். நம்பிக்கையா என்றால் தெரியாது. மற்ற மிஷினெல்லாம் பொட்டோடு நிற்கும்போது அது மட்டும் வெறும் நெற்றியாக நிற்பதைப் பார்க்க முடியவில்லை.

11 அக்டோபர், செவ்வாய்

சரஸ்வதி பூஜை. பாண்டிச்செல்வி தன்னிடமிருந்த இரண்டு புத்தகங்களையும் (ஒன்று கோலப் புத்தகம்) படத்தின் முன் வைத்தாள். என் பக்கம் பார்த்தாள். பெட்டியைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை. அவள் பெட்டியையே இழுத்துக்கொண்டுபோய்ப் படத்தின் முன்னால் வைத்து, பூட்டுக்குமேல் குங்குமம் வைத்தாள்.

13 அக்டோபர், வியாழன்

எங்கே தொடங்குவது?

பூஜை லீவு முடிந்து இன்றுதான் லைனை ஓட விட்டோம். சுழல் வால்வு ஒரு சுற்று சுற்றிவிட்டு "க்ரக்" என்றது. மறுபடி "க்ரக்". பிறகு சாதாரணமாக ஓடியது. கொஞ்ச நேரத்தில் மழை நின்றது, அடைப்பு. ஆனால் இந்த முறை ஹால் முழுக்க ஒரு வாசனை. ஒரு மிஷின் ஆப்பரேட்டர் கேட்கிறார்: "யாருப்பா ஜூஸ் போடறது?"

வனமாமலையின் முகம் சந்தனம் காய்ந்ததுபோல் வெளுத்திருந்தது.

"மேடம்... போர்க்லிப்டுக்கு நாலு சக்கரம், நாலு பழம் வச்சாங்க. நம்ம லைனுக்குச் சக்கரம் கெடையாது. ஆனா வால்வு சுத்துதுல்லா? அதுவும் ஒரு சக்கரந்தான்னு..."

"உள்ள போட்டீங்களா?"

"ஆமா."

"எத்தனை?"

"நாலு."

"சுத்துறது ஒண்ணுதானே!"

"கொறைச்சுப் போட்டா சாமி தப்பா நெனைக்கும்லா மேடம்."

அப்பாவு சார் வந்து, கேட்டு, கத்தினார். மெமோ குடுப்பேன், வீட்டுக்கு அனுப்புவேன். வனமாமலை தலையைக் குனிந்து நின்றார். மூட்டை தூக்கித் தோள் காய்த்த மனிதர். லைன் நிற்கக் கூடாது என்று அவரைவிட யார் வேண்டியிருப்பார்கள்? எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. சார், பூஜைக்கு முந்தி எலுமிச்சம்பழமா போட்டோம்? அப்பவும் அடைச்சுதே, அதுக்கு யாருக்கு மெமோ? இதைச் சத்தமாகவே சொல்லிவிட்டேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அப்பாவு சார், "மொதல்ல கழட்டிச் சுத்தம் பண்ணுங்க" என்று போய்விட்டார்.

சாறு பட்டுவிட்டதால் தட்டிச் சரிசெய்ய முடியாது. முதன்முறையாக எல்லா வளைவுகளையும் கழற்றினோம். கடைசி வளைவுக்குள் டார்ச் அடித்தேன்.

உள்ளே வெள்ளை முடி. வளைவின் வெளிச்சுவரில் மெழுகு பூசியதுபோல் பிளாஸ்டிக் படலம். அதிலிருந்து இழை இழையாக உரிந்து, பின்னி, பைப்பின் வாயையே மறைத்துத் தொங்குகிறது. அதில் மஞ்சள் மஞ்சளாக எலுமிச்சைத் தோல் மாட்டியிருந்தது, நரைமுடியில் பூ வைத்ததுபோல.

கிளியம்மாளின் தலையணை இங்கேதான் தயாராகிறது.

கொஞ்சத்தைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்திருக்கிறேன். பாண்டிச்செல்வி, "யாரு முடிடி அது? ஏவல் கீவல் வச்சுட்டாங்களா?" என்று கேட்டு, அறைக்கு வெளியே வைக்கச் சொல்லிவிட்டாள்.

14 அக்டோபர், வெள்ளி

கொடிக்கயிறு கட்டும்போது நைலான் வழுக்கி உள்ளங்கையில் ஓடியது. சிவந்து எரிகிறது. மெதுவாக நழுவியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

மெதுவாக நழுவியிருந்தால்!

குருணை நேராகப் போகிறவரை பிரச்சினை இல்லை. வளைவில் திரும்ப முடியாமல் சுவரில் மோதி உரசுகிறது. அவ்வளவு வேகத்தில் உரசினால் சூடு. சூட்டில் மேல்தோல் உருகிச் சுவரில் இழுபடுகிறது. ஆறியதும் முடியாக உரிகிறது. முடி போய் ஹாப்பர் வாயை அடைக்கிறது. அடைத்ததும் நாம் என்ன செய்தோம்? லைன் வந்த புதிதில் அடைத்தபோது அப்பாவு சார் புளோயர் மோட்டாருக்கு பெல்ட் ஓடும் பெரிய புல்லிச் சக்கரம் போடச் சொல்லி, காற்றின் வேகத்தைக் கூட்டினார். வேகம் கூட, முடி கூட, அடைப்பு கூட.

காற்றைக் குறைக்க வேண்டும்.

மறுபடி மறுபடி கணக்குப் போட்டேன். மிகவும் குறைத்தால் குருணை பறக்காமல் பைப்பிலேயே படுத்துவிடும். நடுவில் ஒரு வேகம் இருக்கிறது. கல்லூரியில் இந்தச் சூத்திரத்தை மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அதற்கு இப்படி ஒரு வாசனை இருக்கும் என்று தெரியாது.

17 அக்டோபர், திங்கள்

அப்பாவு சாரிடம் சொன்னேன்.

"ஏம்மா, அடைக்குதுன்னா காத்தைக் கூட்டுவாங்களா, கொறைப்பாங்களா? உங்க வீட்ல சிங்க் அடைச்சா தண்ணிய கம்மியா ஊத்துவீங்களா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. எப்போதும் இப்படித்தான். வெளியே வந்து, படியிறங்கி, பஸ் ஏறி, ஜன்னல் ஓரம் கிடைத்த பிறகு பதில் வரும். இன்று அதுகூட வரவில்லை. படப்பையே வந்துவிட்டது.

ஒரு நல்ல செய்தி: வனமாமலைக்கு மெமோ இல்லை. ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது. கேன்டீனில் எல்லாரும் "லெமன் அண்ணே" என்கிறார்கள். அவர் கோபித்துக்கொள்வதாகத் தெரியவில்லை.

27 அக்டோபர், வியாழன்

என்ன மழை! செம்பரம்பாக்கம் ஏரி நிறைந்துகொண்டிருக்கிறது என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். கம்பெனி வாசலில் முழங்கால் தண்ணீர். லைன் அடைத்தது. இப்போது எல்லாருக்கும் காரணம் கிடைத்துவிட்டது: மழையில மெட்டீரியல் ஈரமாயிடுச்சு. சரி என்று ஒரு தொகுதியை உலர்த்தும் அடுப்பில் காய வைத்து, வறுத்த கடலைபோல் ஆக்கி அனுப்பினோம். அதுவும் அடைத்தது.

"காய்ஞ்சது அதிகமாயிடுச்சோ?" என்கிறார் அப்பாவு சார்.

அடப் போங்க சார்.

1 நவம்பர், செவ்வாய்

சுரண்டையில் தீபாவளி. அம்மா பக்கத்து வீட்டில் நான் "காத்து கம்பெனியில" இருப்பதாகச் சொல்லியிருக்கிறாள். ஒரு அத்தை என்னிடம் வந்து சைக்கிளுக்குக் காற்று அடிக்கிற இடமா என்று கேட்டார்.

பஸ் ஏற்ற வந்தபோது அப்பா சொன்னார்: "காலேஜ்ல தை வரைக்கும் இடத்தை வச்சிருப்பாவளாம். நான் ஒண்ணும் சொல்லல. உனக்கு அங்க பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்குப்பா."

"பின்ன ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"நான் சொல்றதை யாரும் கேக்க மாட்டேங்கிறாங்க."

"சொல்லிக் கேக்கலைன்னா காட்டணும்" என்றார். அவர் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர். மரக்கிளை கம்பியில் படுகிறது, வெட்டுங்கள் என்று சொன்னால் யாரும் கேட்பதில்லையாம். கருகிய கிளையைக் கையில் கொண்டுபோய்க் காட்டினால் தாங்களே அரிவாளோடு வருகிறார்களாம்.

8 நவம்பர், செவ்வாய்

பழைய சின்ன புல்லி எங்கே என்று ஸ்டோரில் கேட்டேன். தெரியாது. மெயின்டனன்ஸில் கேட்டேன். தெரியாது. டீ குடிக்கப் போனால், கேன்டீன் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க அதன் காலடியில் ஒரு இரும்புச் சக்கரம். குனிந்து பார்த்தேன். நான் தேடிக்கொண்டிருந்த புல்லிதான், டீக்கறையோடு.

"அத்த எடுக்காதம்மா," என்று கிளியம்மாள் உள்ளேயிருந்து கத்துகிறார், "எடுத்தா கதவு படார் படார்னு அடிக்கும்!"

"வேற குடுக்கறேன்க்கா."

"இன்னா குடுப்ப?"

"இதைவிடப் பெருசா குடுக்கறேன்."

10 நவம்பர், வியாழன்

காட்டிவிட்டேன்.

கிளியம்மாளிடம் தலையணையைக் கேட்டேன். பாதிதான் ரொம்பியிருந்தது; தைக்காத வாயைக் கயிற்றால் கட்டியிருந்தார். கேபினுக்குள் நானும் அவரும் தலையணையும். அப்பாவு சார் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"நம்ம மெட்டீரியல் சார்."

அமுக்கிப் பார்த்தார். சரசரவென்றது. கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

"ஒண்ணு ஏற்கெனவே இவங்க மருமகன் தலைக்கடியில இருக்கு. பம்பராகப் போக வேண்டியதுதான் இப்படி ஆகுது. சார், நீங்க சிங்க்னு சொன்னீங்களே? அங்க சோத்துப்பருக்கை அடைக்குது, தண்ணி ஊத்தினா போயிடும். இங்க நாம ஊத்துற தண்ணியேதான் சோத்துப்பருக்கையா மாறுது."

(பதில் வந்துவிட்டது! மூன்று வாரத்திற்கும் மேல் பஸ்ஸில் போய் வந்து.)

அப்பாவு சார் கயிற்றை அவிழ்த்து, ஒரு இழையை உருவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கிளியம்மாளிடம், "எத்தனை நாளா எடுக்கற?" என்றார்.

"லைனு போட்டதுலேர்ந்து சார். திருட்டு இல்ல சார், குப்பைல கீறதுதான்."

"திருட்டுன்னு யாரு சொன்னா? முன்னாடியே எனக்கு ஒண்ணு குடுத்திருக்கலாம்" என்றார். அவர் நகைச்சுவை செய்து நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. எங்களுக்குச் சிரிக்கலாமா என்றே தெரியவில்லை.

ஒரு ஷிப்டு தருகிறார். அடுத்த சனிக்கிழமைக்கு அடுத்தது. அதில் ஓடினால் ஓடும், நின்றால் லைனைக் கழற்ற வேண்டியதுதான், இனி பொங்கல்வரைகூட இழுக்கப் போவதில்லை.

18 நவம்பர், வெள்ளி

நாளை. சோறு இறங்கவில்லை. பாண்டிச்செல்வி என் தட்டையும் சேர்த்துச் சாப்பிட்டாள், ஆதரவாக.

19 நவம்பர், சனி

சின்ன புல்லியை மாட்டினோம். பெல்ட்டும் மாற்றினோம். அப்பாவு சார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். புளோயர் உறுமவில்லை, முனகியது. பைப்புக்குள் மழைச் சத்தமே இல்லை. மணலில் பாவாடை இழுபடுவதுபோல் ஒரு ஓசை. வனமாமலை பைப்பில் காதை வைத்து, "போவுது மேடம், போவுது" என்றார்.

போயிற்று. பிறகு நின்றது.

நேர் பைப்பில், வளைவே இல்லாத இடத்தில். போச்சு. சுரண்டை. கரும்பலகை. வனமாமலையின் கை சுத்தியலுக்குப் போனது. எடுக்காமல் என்னைப் பார்த்தார். அப்பாவு சார் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்தார். அது இன்னும் மோசம்.

யோசி. முடியா? இல்லை, இவ்வளவு சீக்கிரம் முடி வராது. வளைவிலும் இல்லை. அப்படியென்றால் குருணை படுத்துவிட்டது. ஏன் படுத்தது? கணக்கு சரி. கணக்கில் காற்று சரி... வால்வு! காற்றைக் குறைத்தோம், சுழல் வால்வு மட்டும் பழைய வேகத்திலேயே கொட்டிக்கொண்டிருக்கிறது. சின்னப் பிள்ளை தலையில் பெரிய மூட்டை.

"வால்வை நிறுத்துங்க. வெறும் காத்தை விட்டு காலி பண்ணுங்க. அப்புறம் வால்வைப் பாதி வேகத்துல போடுங்க."

"பாதியில குடுத்தா மிஷினுக்குப் பத்துமா?" என்றார் அப்பாவு சார்.

"பத்தும் சார். மிஷின் கேக்குறதே அவ்வளவுதான். இதுவரைக்கும் அடைக்கிற நேரத்துக்கும் சேர்த்து அனுப்பிக்கிட்டு இருந்தோம்."

மறுபடி மணல் ஓசை. டீ வந்தது, ஆறியது. ஹாப்பர் நிறைந்து விளக்கு எரிந்தது; மறுபடி காலியானது; மறுபடி நிறைந்தது. மதியச் சாப்பாட்டுக்கு நான் போகவில்லை. வனமாமலையும் போகவில்லை. ஷிப்டு முடிந்தபோது கிளியம்மாள் முறத்தோடு வந்து பில்டரைத் தட்டினார். கொஞ்சம் தூசி விழுந்தது.

"இன்னாம்மா, இன்னிக்கி ஒண்ணும் காணோம்?"

அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். முறம் கீழே விழுந்தது. "ஐய, விடும்மா, வேர்வை!" என்கிறார்.

20 நவம்பர், ஞாயிறு

பதினோரு மணிவரை தூங்கினேன்.

3 டிசம்பர், சனி

மறுபடி பெருமழை. ரோடெல்லாம் தண்ணீர், கம்பெனி பஸ் வாலாஜாபாத் பக்கம் சுற்றிக்கொண்டு வந்தது. கிளம்பியதும் தூங்கி, எழுந்து பார்த்தால் இன்னும் அதே பஸ்ஸில் இருந்தேன். ஹாலுக்குள் நுழைந்தபோது மழைச் சத்தம் கேட்டுப் பதறிவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் கூரையில்தான். பைப் தன் பாட்டுக்கு முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

மெட்டீரியல் ஈரம் பற்றி யாரும் பேசவில்லை.

20 டிசம்பர், செவ்வாய்

கிளியம்மாள் சண்டைக்கு வந்துவிட்டார். கேன்டீன் வாசலில், எல்லார் முன்னாலும்.

"நல்லா கீதும்மா நீ பண்ணது! தலகாணி பாதில நிக்குது. பாதி தலகாணிய வச்சிக்கினு நான் இன்னா பண்றது, பூனைக்குப் போடறதா?"

வனமாமலை உள்ளேயிருந்து, "அக்கா, மிச்சத்துக்கு எலுமிச்சம்பழம் வச்சிக்கோ!" என்றார். டீ மாஸ்டர் வரை சிரித்தார்.

இவ்வளவு நல்ல குற்றச்சாட்டை என்மேல் யாரும் சொன்னதில்லை.

6 ஜனவரி 2006, வெள்ளி

காலைக் கூட்டத்தில் அப்பாவு சார் மேலிடத்து ஆட்களிடம் சொல்கிறார்: "எல்லாரும் காத்தைக் கூட்டச் சொன்னாங்க. நாங்கதான் துணிஞ்சு கொறைச்சோம்." அந்த "நாங்க"வில் நான் எவ்வளவு, அவர் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு விட்டுவிட்டேன். கூட்டம் முடிந்து போகும்போது என் நாற்காலி அருகில் நின்று, "நம்ம பழைய புல்லியைக் கேன்டீன்லேர்ந்து எடுத்தியாமே? நல்லவேளை, யாரும் தூக்கிப் போடல" என்றார். எச்.ஆரில் போய் வேலை நிரந்தரக் கடிதம் உள்ள கவரை வாங்கிக்கொள்ளவும் சொன்னார்.

சாயங்காலம் அப்பாவுக்குப் போன்.

"அப்பா, காலேஜ்ல அந்த இடத்தை வேற யாருக்காவது குடுக்கச் சொல்லிடுங்க."

"ம். காட்டிட்டியா?"

"காட்டிட்டேன்."

"சரி. அந்தக் காத்து எவ்வளவு அழுத்தத்துல போவுது? சும்மா, தெரிஞ்சுக்கத்தான்."

அரை மணி நேரம் பேசினோம். கேள்வி மேல் கேள்வி. மூட்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

1 அக்டோபர் 2006, ஞாயிறு

எத்தனை மாதமாகிவிட்டது இதில் எழுதி. எழுத நேரமில்லாதபடி வேலை. இரண்டாவது லைன் போடுகிறோம், இன்னும் நீளம், இன்னும் அதிக வளைவு. வனமாமலைக்கு இரண்டு லைனும்.

நேற்று கம்பெனியில் பூஜை. வனமாமலை கையில் எலுமிச்சம்பழத்தோடு வந்து நின்றார்.

"மேடம், இத எங்கன வைக்க? நீங்களே சொல்லிருங்க. எனக்கு வம்பு வேண்டாம்."

நானும் யோசித்தேன். சுற்றுகிற எதன் பக்கத்திலும் அவரை விட முடியாது. பிறகு இருவரும் ஒரே நேரத்தில் கேன்டீன் பக்கம் திரும்பினோம். அங்கே கதவைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது, அந்தப் பெரிய புல்லி, கிளியம்மாளுக்கு நான் கொடுத்த வாக்கு. வனமாமலை அதன் கீழே பழத்தை வைத்து, ஒரு கையால் உருட்டி நசுக்கினார். ஒரே பழம். சாறு தெறித்து அப்பாவு சாரின் வேட்டியில் பட்டது. "சக்கரந்தானே சார்" என்றார் வனமாமலை. "சக்கரம்தான்" என்றார் அப்பாவு சார், துடைத்துக்கொண்டே.

கிளம்பும்போது கிளியம்மாள் ஒரு பொட்டலத்தை என் மடியில் போட்டார். பழைய சேலைத் துணியில் உறை தைத்து, வாய் மூடிய தலையணை. பாதி உயரம்தான்.

"இனிமே இது எங்க ரொம்பப் போவுது? நீயே வச்சிக்க. உன்னாலதான இப்பிடி ஆச்சி."

இன்று காலை பாண்டிச்செல்வி ஷெல்பிலிருந்து புத்தகங்களை எடுத்துப் படத்தின் முன் அடுக்கினாள். இரண்டு நடை நடந்து, "எத்தனைடி வச்சிருக்க?" என்று முனகிக்கொண்டே. பெட்டியில் இப்போது அவள் ஊரிலிருந்து வந்த வெங்காயம். நாளை காலைவரை படிக்கக் கூடாது, எழுதவும் கூடாது என்பது அவள் உத்தரவு. அவள் குளிக்கப் போயிருக்கிறாள். இதை அவசரமாக எழுதுகிறேன்.

தலையணையைத் தலைக்கு வைத்துப் பார்த்தேன், உயரம் பத்தவில்லை. சுவரில் சாய்ந்து படிக்க, முதுகுக்கு மிகச் சரியாக இருக்கிறது. அசைந்தால் சரசரக்கிறது.

தாழ்ப்பாள் சத்தம். சும்மா சாய்ந்து உட்கார்ந்திருக்கப் போகிறேன்.